சுத்தமான நோக்கத்துடன் ஒரு வெள்ள நிவாரணம்

மனித குலம் எத்தனையோ வெள்ளங்களைப் பார்த்துவிட்டது. மரத்தில் ஏறித் தப்பியிருக்கிறது, கூரையில் ஏறித் தப்பியிருக்கிறது, மொட்டை மாடியில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. ஆனால் ஒரு வெள்ளத்தைத் துளி சுயநலமும் கலக்காமல், முழுமையான மனத்தூய்மையோடு எதிர்கொண்ட பெருமை இந்தப் பூமியில் ஒரே ஓர் அமைப்புக்குத்தான் உண்டு. அது எங்கள் கடைத்தெரு வணிகர் சங்கம்.

இந்தத் தூய்மை ஒரே நாளில் வந்துவிடவில்லை. முந்தைய வெள்ளத்தின்போது சங்கம் ரொட்டிப் பொட்டலம் விநியோகம் செய்தது. பொட்டலத்தைவிட அதன்மேல் ஒட்டியிருந்த கடை விளம்பரம் பெரிது என்று ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. முகம் பார்க்கும் கண்ணாடி விற்கும் சங்கச் செயலாளர் அன்று மனம் நொந்துபோனார். விளம்பரம் அவர் கடையுடையது. கடையின் பெயரைப் பத்திரிகை போடாமல் விட்டுவிட்டது.

"இனிமே நாம உதவி பண்ணா, ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது. அப்படிச் சுத்தமா இருக்கணும்" என்று அவர் சபதம் செய்தார்.

ஆகவே இந்த முறை ஆறு கரையை உடைத்துக்கொண்டு எதிர்க்கரைத் தாழ்வான தெருக்களுக்குள் புகுந்தபோது, சங்கம் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. ஒன்று, மோட்டார் படகு. இன்னொன்று, உள்நோக்க ஆய்வாளர்.

ஆய்வாளர் அம்மையார் சாதாரணப்பட்டவர் அல்ல. பெரிய பெரிய நிறுவனங்களில் வகுப்பெடுப்பவர். 'நான் ஏன் சம்பள உயர்வு கேட்கிறேன்?' என்று ஊழியர்களைத் தங்கள் மனதையே கேட்கவைத்து, கேட்டவர்களை எல்லாம் கேட்காதவர்களாக மாற்றியவர். அவர் வகுத்த விதி எளிமையானது. படகில் ஏற விரும்பும் ஒவ்வொரு தொண்டரும் தன் நோக்கத்தில் சுயநலம் எத்தனை சதவீதம் என்று சபையில் அறிவிக்க வேண்டும். பத்துக்குக் கீழே இருந்தால் படகு. மேலே இருந்தால் நாற்காலி.

காலையிலேயே சங்கக் கட்டட மாடி நிரம்பிவிட்டது. வாங்கிய நாளில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றாத நாற்காலிகள். உட்கார்ந்தால் முதுகு ஒட்டிக்கொள்ளும். மாடிப்படியின் இருபுறமும் தண்ணீர் கேன், பிஸ்கட் பெட்டி, மெழுகுவத்திக் கட்டு, பாய்ச் சுருள். நோக்கத்தைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் எல்லோரும் நிவாரணப் பொருளைத் தாண்டித் தாண்டித்தான் மேலே போக வேண்டியிருந்தது.

டேங்க் கடைக்காரரும் தாண்டித்தான் போனார். வீட்டு மாடியில் வைக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் விற்பவர். அகலமான உடம்பு, அதைவிட அகலமான ரோஷம். ஜன்னலோர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் தெரு இறங்கி இறங்கித் தண்ணீருக்குள் காணாமல் போவது தெரியும். அந்த விளிம்பில் படகு ஆடிக்கொண்டிருந்தது. அதற்கப்பால், பழுப்புத் தண்ணீருக்கு நடுவே, அவருடைய அக்காவின் வீட்டு மாடி.

அக்காவோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கடைத்தெரு முழுக்கத் தெரியும். அக்கா வீட்டுக்கு டேங்க் தேவைப்பட்டது. தம்பியிடம் விலை கேட்டாள். தம்பி, "உனக்குப் போய் விலையா அக்கா?" என்று சொல்லிவிட்டார். அக்கா நேராக அடுத்த தெருவுக்குப் போய், இன்னொருவன் கடையில் பேரம் பேசி டேங்க் வாங்கி, தம்பி கடை வாசல் வழியாகவே அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்றோடு சரி. முதலில் பேசுவது முதலில் விலையை இறக்குவது மாதிரி என்பது அந்தக் குடும்பத்தில் இருவருக்கும் தெரியும். இருவரும் இறக்கவில்லை.

அவருடைய செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, படகு ஏறியாச்சா?"

"இன்னும் இல்ல. நோக்கத்தைப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"எந்த நோக்கத்தை?"

"என் நோக்கத்தைத்தான்."

"அதைப் பாக்க அவ்வளவு தூரம் போவானேன்? வீட்டுல இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேனே. உங்க அத்தான் இப்பத்தான் போன் பண்ணாரு. மாடியில அக்கம்பக்கத்துக்காரங்களும் ஏறி நிக்கறாங்களாம். சுத்தியும் தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்லையாம்."

டேங்க் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா என்ன சொன்னா?"

"'அவனுக்குச் சொல்லாதீங்க'ன்னு பக்கத்துல நின்னு கத்தினாங்க. குரலே வரல, பாவம். அப்பவும் கத்தினாங்க."

அவர் போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். இந்த நேரத்தில் சபை தொடங்கிவிட்டது.

முதலில் அழைக்கப்பட்டவர் பெயின்ட் கடைக்காரர்.

"சொல்லுங்க சார், எதுக்காக வந்திருக்கீங்க?" என்றார் ஆய்வாளர், கண்ணை மூடிக்கொண்டு.

"சேவைக்குத்தான் மேடம்."

"அந்தச் சேவையில உங்களுக்கு என்ன கிடைக்குது? உள்ள போய்ப் பாருங்க."

பெயின்ட் கடைக்காரர் உள்ளே போய்ப் பார்த்தார். வெள்ளம் வடிந்தபின் ஊறி உப்பிப்போன சுவர்கள் வரிசையாகத் தெரிந்தன. "ஒரு அறுபது சதவீதம் சுயநலம் இருக்கும் மேடம்" என்றார் அடக்கமாக.

இங்கே ஒரு தொழில் மரபை விளக்கியாக வேண்டும். கடைத்தெருவில் முதலில் சொல்லும் விலை விலையே அல்ல. அது ஒரு வணக்கம். எதிராளி "என்னங்க இது, அநியாயமா இருக்கே" என்று அலற வேண்டும். எழுந்து போவதுபோலப் பாசாங்கு செய்ய வேண்டும். விற்பவர் அவர் கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். பிறகுதான் உண்மையான எண் பிறக்கும். 'சேச்சே, உங்களுக்குப் போய் அறுபதா? அஞ்சு போடுங்க' என்று ஆய்வாளர் சொல்லப்போகிறார் என்று பெயின்ட் கடைக்காரர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

ஆய்வாளர் பலகையில் அறுபது என்று எழுதினார்.

"எழுதிட்டீங்களா?"

"ஆமா."

"அப்படியேவா?"

"நீங்க சொன்னதுதானே சார்?"

"நான் சொன்னேன். நீங்க ஒண்ணும் சொல்லலையே!"

"நான் என்ன சொல்லணும்?"

சொன்ன விலையை மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகும் வாடிக்கையாளரைக் கண்டால் வியாபாரிக்கு ஒரு நடுக்கம் வரும். குறைத்துச் சொல்லிவிட்டோமோ, சரக்கில் நமக்கே தெரியாத ஏதாவது இருக்கிறதோ என்று அன்று முழுக்க மனம் அரித்துக்கொண்டிருக்கும். பெயின்ட் கடைக்காரர் அந்த நடுக்கத்தோடு தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

அடுத்து வந்த பூட்டுக் கடைக்காரர் சுதாரித்துக்கொண்டார். "பூஜ்யம்" என்றார் விறைப்பாக.

ஆய்வாளர் புன்னகைத்தார். "பூஜ்யம்னு சொல்றவங்கதான் ஆழமா ஒளிச்சு வைக்கறவங்க" என்று சொல்லித் தொண்ணூறு எழுதினார்.

ஆக, கூட்டிச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்கிறார். குறைத்துச் சொன்னால் ஏற்றிவிடுகிறார். இப்படிப்பட்ட ஓர் ஆளைக் கடைத்தெரு அதுவரை கண்டதில்லை. பரம்பரை பரம்பரையாகப் பேரத்தில் ஊறிய நாக்குகள் ஒட்டிக்கொண்டன.

டேங்க் கடைக்காரரின் முறை வந்தது. 'அக்கா அங்கே இருக்கிறாள்' என்பதுதான் உண்மை. ஆனால் அந்த வண்டி போனதை வேடிக்கை பார்த்த அத்தனை பேரும் இங்கே உட்கார்ந்திருந்தார்கள். வேறு கடையில் டேங்க் வாங்கியவளைத் தேடிப்போகிறான் என்று நாளைக்குத் தெருவே சிரிக்கும்.

"விளம்பரத்துக்கு" என்றார் கம்பீரமாக. "வெள்ளம் வடிஞ்சா எல்லா வீட்டுக்கும் புது டேங்க் தேவைப்படும். இப்பவே முகத்தைக் காட்டி வச்சா நல்லதுன்னு வந்தேன்."

"எத்தனை சதவீதம்?"

"எண்பது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்க தோஷம்.

ஆய்வாளர் எழுதினார். "அடுத்தவர் வரலாம்."

"மேடம், நில்லுங்க நில்லுங்க. எண்பது ஜாஸ்தி. நாப்பது போட்டுக்கங்க."

"உங்க மனசு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"நல்லாத் தெரியும். அதான் குறைக்கச் சொல்றேன். சரி, வேணாம், முப்பது. இதுக்குக் கீழ கட்டாது."

"சார், இது பேரம் பேசற இடம் இல்ல."

"மேடம், இது வணிகர் சங்கம்!"

செயலாளர் மேசையைத் தட்டினார். "அண்ணே, தூய்மையில தள்ளுபடி கிடையாது."

டேங்க் கடைக்காரர் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தார். அந்த மாடியில் யாரோ ஒரு சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ரோஷத்தை விழுங்கிவிட்டு, ஆய்வாளர் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார். "விளம்பரமெல்லாம் சும்மா மேடம். எங்க அக்கா அங்க மாட்டிக்கிட்டு இருக்கா. தண்ணி கொண்டுபோகணும். அவ்வளவுதான்."

மேசைமேல் இருந்த மைக் அணைக்கப்படவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஆய்வாளரின் கண்கள் கனிந்தன. "ரொம்ப நன்றி சார். இப்பத்தான் மனசைத் திறந்திருக்கீங்க. விளம்பரம் மேலோட்டமான அழுக்கு. ரத்த பாசம் இருக்கே, சுயநலத்துலயே ஆழமானது அதுதான்." எண்பதை அழித்துவிட்டு நூறு என்று எழுதினார்.

"என்ன நேர்மை! என்ன துணிச்சல்!" என்று செயலாளர் எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். உலகத்திலேயே முதல்முறையாக ஒரு மனிதர் தன் அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுபோக விரும்பியதற்காகத் தோற்கடிக்கப்பட்டு, அதற்காகப் பாராட்டவும் பட்டார்.

மதியத்துக்குள் பலகை நிறைந்துவிட்டது. ஒருவருக்கு மாமனார் மெச்ச வேண்டும் என்ற ஆசை. ஒருவருக்குப் படகில் போய்ப் பார்க்க ஆசை. ஒருவர் புண்ணியம் கிடைக்கும் என்றார்; 'மறுமைக்கான முதலீடு' என்று அவருக்கும் தொண்ணூறு விழுந்தது. பத்துக்குக் கீழே ஒருவரும் தேறவில்லை. வெளியே படகோட்டி பீப்பாய் மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக, மூலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த குடைக் கடைக்காரரை ஆய்வாளர் கண்டுபிடித்தார்.

"நீங்க ஏன் வந்தீங்க?"

குடைக் கடைக்காரர் யோசித்தார். "தெரியலயே."

"இந்த வெள்ளத்துல உங்களுக்கு என்ன லாபம்?"

"என்ன லாபம்? மழைதான் நின்னுபோச்சே."

"அங்க உங்களுக்கு வேண்டியவங்க யாராவது?"

"யாரும் இல்ல."

"அங்க இருக்கறவங்க மேல இரக்கம்?"

"யாரு இருக்காங்க அங்க?"

ஆய்வாளர் சாக்பீஸை எடுத்தார். பல வருடத் தொழிலில் அவர் ஒருமுறைகூட எழுதியிராத எண்ணைப் பலகையில் எழுதினார்: பூஜ்யம். சபை ஆர்ப்பரித்தது. செயலாளர் குடைக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டார். "நம்ம தெருவுலயே இப்படி ஒரு ஆத்மா இருந்திருக்கு, நமக்குத் தெரியாமப் போச்சே!"

'தூய தொண்டர்' படகுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மற்றவர்கள் தண்ணீர் விளிம்புவரை சாமான் சுமந்தார்கள். சுமப்பதற்கு நோக்கம் தேவையில்லை என்று செயலாளர் பெருந்தன்மையாக அறிவித்திருந்தார். தண்ணீர் கேன்கள் அடுக்கப்பட்டன, மேலே தார்ப்பாய் போடப்பட்டது. தூய தொண்டர் முன்பலகையில் உட்கார்ந்தார்.

"அங்க போய் நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"தண்ணி குடுக்கணும்."

"யாருக்கு?"

"தாகமா இருக்கறவங்களுக்கு."

"ஏன்?"

"பாத்தீங்களா!" என்றார் ஆய்வாளர் பரவசத்தோடு. "அந்தக் கேள்விதான் தூய்மை."

குடைக் கடைக்காரர் தண்ணீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் ஒரு காரணமும் அகப்படவில்லை. "காரணமே இல்லாம எதுக்குத் தண்ணியில போறது? நான் வீட்டுக்குப் போறேன்" என்று இறங்கி நடந்துவிட்டார்.

செயலாளருக்கு உடம்பு சிலிர்த்தது. "பாருங்க, சேவை மேலகூடப் பற்று இல்லாத மனுஷன்!" என்றார். பிறகு, தூய்மையானவர்களைக் கூடுதலாக உற்பத்தி செய்வது எப்படி என்று ஆராய, டீக்குப்பின் இரண்டாவது அமர்வு நடக்கும் என்று அறிவித்துவிட்டு, எல்லோரையும் ஓட்டிக்கொண்டு மேலே ஏறினார்.

டேங்க் கடைக்காரர் மட்டும் ஏறவில்லை. தார்ப்பாயைத் தூக்கி, கேன்களுக்கு நடுவே புகுந்து, மேலே இழுத்து மூடிக்கொண்டார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"யாருங்க அது உள்ள?" என்றார் படகோட்டி.

"சரக்கு."

"சரக்கு பேசுமா?"

"போய்ச் சேராத சரக்கு பேசும். எடுங்க வண்டியை."

படகோட்டி அண்ணாந்து மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "செயலாளர் சார்! ஆள் யாரும் வரல. வெறும் சரக்கு மட்டும்தான். போகட்டுமா?"

ஜன்னலிலிருந்து டீ டம்ளரோடு ஒரு கை நீண்டது. "தாராளமா! சரக்குக்கு உள்நோக்கம் கிடையாது."

எதிர்க்கரைத் தெரு முழங்கால் மடக்கி உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கடைப் பெயர்ப்பலகைகள் பாதி எழுத்தோடு நின்றன. ஒரு பால்கனிக் கம்பியில் சைக்கிள் தொங்கியது. கதவில்லாத அலமாரி ஒன்று மிதந்து வந்து படகை முட்டிவிட்டுப் போனது. படகைக் கண்டதும் மாடிக்கு மாடி வாளிகள் கயிற்றில் இறங்கின. டேங்க் கடைக்காரர் நின்றபடி ஒவ்வொரு வாளியிலும் தண்ணீரையும் பிஸ்கட்டையும் ஏற்றினார். "பாத்து, பாத்து, மெதுவா இழுங்க" என்றார். வலது பக்க வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். இடது பக்கம் திரும்பவேயில்லை. இடது பக்கத்தில்தான் அக்கா வீடு.

"டேய்!" என்று மேலிருந்து கரகரத்த குரல்.

"உங்களைத்தான் கூப்பிடறாங்க போல" என்றார் படகோட்டி.

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"டேய் தம்பி! எதுக்குடா வந்தே?"

காலையிலிருந்து அவரிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி. ஆனால் இதைக் கேட்டவள் உதடு வெடித்து, தலை கலைந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெருவுக்குத் தண்ணி குடுக்க வந்தேன்."

"எனக்காக வரலையா?"

"உனக்கென்ன, டேங்க் வச்சிருக்கியே."

"காலி" என்றாள்.

"ஆகாதா பின்ன? அந்தக் கடை டேங்க் அடியில ஒழுகும். நான் அன்னைக்கே..."

"ஆரம்பிச்சுட்டியா? நீ மட்டும் அன்னைக்கு விலை சொல்லியிருந்தா நான் ஏன்டா அவன் கடைக்குப் போறேன்? பெரிய தர்மப் பிரபு மாதிரி 'உனக்குப் போய் விலையா'ன்னா? நான் என்ன உன் வாசல்ல யாசகமா கேட்டேன்? சின்ன வயசுல மிட்டாய்க்குக்கூட உன்கிட்ட பேரம் பேசினவ நான். பேரம் பேசக்கூட லாயக்கில்லாதவளா ஆயிட்டேனா உனக்கு?"

டேங்க் கடைக்காரருக்கு இது புதிய செய்தி. இத்தனை காலம் தன்னைத்தான் அவள் அவமானப்படுத்தினாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கேனைக் கீழே வைத்தார்.

அக்காவின் குரல் இறங்கியது. "சரி, உண்மையைச் சொல்லு. எனக்காகக் கொஞ்சமாவது வந்தியா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கால்வாசி."

"கூடப் பொறந்தவளுக்குக் கால்வாசியா? அநியாயமா இல்ல? முக்கால் சொல்லு."

"முக்கால் கட்டாது அக்கா. எத்தனை மாடியில நிக்கறாங்க பாரு. பாதி வச்சுக்க."

"பாதியும், மேல கொஞ்சமும்."

"மேல என்ன கொஞ்சம்?"

"உள்ள வந்து உங்க அத்தான்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகணும்."

"சரி, முடிஞ்சுது."

அவர் அவசர அவசரமாகக் கேனைத் தூக்கினார். அக்கா கையை ஆட்டித் தடுத்தாள். "எங்களுக்கு ஒரு கேன் போதும், வச்சுட்டுப் போ. தெருக் கோடி வீட்டுல கைக்குழந்தைக்காரி இருக்கா. காலையிலேர்ந்து அழுகுரல் கேக்குது. முதல்ல அங்க போ. அப்புறமா வந்து உக்காரலாம்."

அவர் போனார். கேன்கள் தீர்ந்தன. இக்கரைக்கு வந்து மறுபடி ஏற்றிக்கொண்டு போனார். ஒரு நடையின்போது பெயின்ட் கடைக்காரர் படிக்கட்டுப் பக்கமாக ஒதுங்கி, "சரக்குல இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?" என்று கேட்கத்தான் செய்தார். அதற்குள் மேலேயிருந்து மணி அடித்தது. அறுபதை ஐம்பதாக்கும் மூச்சுப் பயிற்சி அப்போதுதான் தொடங்கவிருந்தது. போய்விட்டார்.

வெள்ளம் வடிந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் தழுதழுத்த குரலில் அறிக்கை வாசித்தார். "இந்த வெள்ளத்தில் நம் சங்கத்திலிருந்து அசுத்தமான நோக்கம் கொண்ட தொண்டர் ஒருவர்கூட மக்களிடம் அனுப்பப்படவில்லை." பலத்த கைதட்டல். அடுத்து ஒரு கண்டனத் தீர்மானம். நூறு சதவீதச் சுயநலம் நிரூபிக்கப்பட்ட நிலையில், சரக்கு என்று பொய் சொல்லி, ஒரு தெரு முழுவதற்கும் குடிநீர் வழங்கிய டேங்க் கடைக்காரரைச் சங்கம் வன்மையாகக் கண்டித்தது.

அதோடு நிற்கவில்லை. பாதிக்கப்பட்ட மக்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா? செயலாளரும் ஆய்வாளரும் காரில் எதிர்க்கரைக்குப் போய் வீடு வீடாக ஏறி, அன்று அவர்கள் குடித்த தண்ணீரில் பாசம் கலந்திருந்தது என்பதை எடுத்துச் சொல்லி, சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார்கள்.

அக்கா வீட்டிலும் சொன்னார்கள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடத்திலிருந்து சேற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அது இருக்கட்டும் சார்" என்றாள். "நீங்கல்லாம் ஏன் வரல?"

செயலாளர் ஆய்வாளரைத் திரும்பிப் பார்த்தார். ஆய்வாளர் அவர் காதில் ஏதோ சொன்னார்.

அன்று மாலையே சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. அந்த அம்மாள் எந்த உள்நோக்கத்தோடு அப்படிக் கேட்டாள் என்பதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆராய்ச்சி நடுநிலையாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே குழுவில் சேர ஒரே ஒரு தகுதி நிர்ணயிக்கப்பட்டது: வெள்ளத்தின்போது கால் நனையாதவராக இருக்க வேண்டும்.

சங்கத்தில் அத்தனை பேரும் தேறினார்கள், ஒருவரைத் தவிர.